வரப்போகும் கதையும் நாம் போடும் கணக்கும்



புதிதாக ஓர் அறிவியல் தொடர் வரப்போகிறது என்று 30 விநாடி டீசர் ஒன்று வந்துவிட்டால் போதும். அன்றைக்கு நம் கேன்டீனில் டீ ஆறிப்போகும். "அந்த ஆளு மனுசனே இல்லடா, ரோபோ" என்பான் ஒருவன். "இல்ல மாப்ள, கதையே ரெண்டு காலத்துல நடக்குது, நல்லா கவனி" என்பான் இன்னொருவன். மாட்டுத்தாவணி பஸ்சில் ஏறிய பிறகும் சண்டை ஓயாது. இதைப் பார்க்கும் பெரியவர்கள் சொல்வது ஒரே வார்த்தைதான்: வெட்டிப் பேச்சு.

வெட்டிப் பேச்சாக இருக்கலாம். ஆனால் இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வராத கதையைப் பற்றி யூகம் செய்வதற்கும், ஓடாத மெஷினில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதற்கும் மூளையில் ஒரே வேலைதான் நடக்கிறது. அந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்பதை நமக்குத் தெரிந்த தமிழ்க் கதைகளையும் தொடர்களையும் வைத்தே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

யூகம் வேறு, வதந்தி வேறு

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். "யாரோ சொன்னாங்களாம்" என்று வருவது வதந்தி. அதற்குக் காரணம் கிடையாது. தவறிப்போனால் பொறுப்பேற்க ஆளும் கிடையாது. யூகம் அப்படி இல்லை. நல்ல யூகம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும்.

ஒன்று: எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறாய்?
இரண்டு: எந்த அளவுக்கு நிச்சயம்?
மூன்று: எது நடந்தால், "என் யூகம் தப்பு" என்று ஒத்துக்கொள்வாய்?

நம் வொர்க்‌ஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே கம்பியைப் பிடித்துக் கடைகிறோம். அளந்து பார்த்தால் ஒரு முனை பெருத்து, மறுமுனை சிறுத்து டேப்பர் விழுந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர் உடனே மோட்டாரைப் பிரிக்க மாட்டார். "டெயில் ஸ்டாக் சென்டர் விலகியிருக்கும்" என்று யூகம் செய்வார். பார்த்தது டேப்பர், நிச்சயம் ஓரளவு, சென்டர்கள் நேராக இருந்துவிட்டால் யூகம் தப்பு, அடுத்ததைத் தேட வேண்டும். மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது அல்லவா?

இந்த வித்தையைப் பாடப்புத்தகத்தில்தான் கற்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் டிப்ளமா படிக்க வந்த முதல் ஆள் நான். ஆனால் யூகம் செய்வதில் முதல் ஆள் நான் இல்லை. என் அம்மா வீட்டில் பூக்கட்டி விற்கிறவர். மார்கழியில் ஒருநாள் சாயங்காலம், "நாளைக்கு மல்லி கிலோ எகிறிரும்டா" என்றார். ஏன் என்று கேட்டேன். "பனி விழுகுது, மொட்டு வரத்து கொறையும். தை பொறந்தா முகூர்த்தம், யாவாரிக இப்பவே புடிப்பாங்க. ஆனா நாளைக்கி வெயில் அடிச்சு வரத்து வந்துட்டா நான் சொன்னது இல்ல." பார்த்தது, காரணம், தவறினால் தெரிந்துகொள்ளும் வழி, மூன்றும் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் தாயிடம் நான் கற்ற முதல் பொறியியல் பாடம் இது என்றால் மிகையாகாது.

குதிரையில் வந்தது யார்?

இனி கதைக்கு வருவோம். 1990களின் பின்பாதியில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்த தொடர் 'மர்மதேசம்'. இயக்கியவர் நாகா. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். அவர் நம் மதுரையில் வாழ்ந்தவர். 10 நவம்பர் 2024 அன்று மதுரையிலேயே காலமானார். அத்தொடரின் 'விடாது கருப்பு' பகுதியில், ஒரு கிராமத்தில் தப்பு செய்கிறவர்களைக் குதிரையில் வந்து ஓர் உருவம் தண்டிக்கும். வருவது கருப்பசாமியா, மனிதனா? மனிதன் என்றால் எவர்?

இது சுத்தமான அறிவியல் கதை இல்லை. ஆனாலும் சாமி என்று ஊர் சொல்வதற்கு அறிவுக்குப் பொருந்தும் விளக்கம் உண்டா என்று தேடுகிற கதை. அம்மா அப்போது சின்னப் பெண். தெருவில் கேபிள் இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் ஊரே கூடுமாம். தொடர் முடிந்ததும் அடுத்த வாரம் வரை பேச்சு அதுதான். பாதிப் பேர் "சாமிதான்" என்பார்களாம். மீதிப் பேர் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்களாம். என் தாத்தா மட்டும், "கருப்பு வர்றப்ப யாரு யாரு வீட்டுல இல்லைன்னு பாத்துட்டு வாங்கடா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வாராம்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். தாத்தா சொன்னது கழித்துக்கட்டும் முறை. குற்றவாளியைத் தேடாதே, குற்றவாளியாக இருக்க முடியாதவர்களை ஒவ்வொருவராக நீக்கு, மிஞ்சுவது யார் என்று பார். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகச் சோதித்து வருகிறோமே, அதே முறைதான். மர்மக் கதை எழுதுகிறவருக்கு ஒரு தர்மம் உண்டு. கடைசி வாரத்தில் முன்பின் தெரியாத ஆளைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது. விடை ஏற்கனவே நம் கண்முன் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் பார்க்கிறவர்களுக்கு யூகம் செய்ய முடிகிறது.

ஜீனோ முதல் சிட்டி வரை

தமிழில் அறிவியல் கதை என்றாலே நினைவுக்கு வருகிற பெயர் சுஜாதா. இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். 1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடர்கதையில் ஜீனோ என்ற ரோபோ நாய் வரும். பேசும், புத்தகம் படிக்கும், பிறகு தானாகவே யோசிக்கவும் தொடங்கிவிடும். கதை நடப்பது 2020களில். அதாவது, அவர் கற்பனை செய்த ஆண்டுகளைத்தான் நாம் இப்போது காலண்டரில் கிழித்துக்கொண்டிருக்கிறோம்!

அந்தக் கதை பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. வாரப் பத்திரிகையில் படித்த வாசகருக்குக் கதை தெரியும். அதனால் 'என்ன நடக்கும்' என்ற கேள்வி இல்லை. 'எப்படிக் காட்டுவார்கள்' என்பதே கேள்வி. பேசுகிற நாயை, அதுவும் இரும்பு நாயை, அன்றைய வசதியில் எப்படி நடக்க வைப்பது? உள்ளே மோட்டாரா, வெளியே இருந்து கம்பியா, அல்லது குரல் மட்டும் கொடுத்து ஒப்பேற்றுவதா? இது கதை யூகம் அல்ல, தயாரிப்பு யூகம். நம்மைப் போன்ற டிப்ளமா மாணவனுக்கு ஏற்ற வேலை இதுதான் என்பேன்.

அடுத்தது 'எந்திரன்'. தமிழ்நாட்டில் ஒரு அறிவியல் கதைக்காக இவ்வளவு காலம் காத்திருந்து, இவ்வளவு யூகம் செய்தது வேறெதற்கும் இருக்காது. 1990களின் இறுதியில் கமல்ஹாசனை வைத்து 'ரோபோ' என்ற பெயரில் ஷங்கர் தொடங்கிய முயற்சி, போட்டோ ஷூட்டோடு நின்றது. பிறகு ஷாருக்கானிடம் போனது, அதுவும் நடக்கவில்லை. 2008-ல் ரஜினிகாந்த் வந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில், வசனம் எழுதிய சுஜாதா மறைந்தார். படம் வெளிவந்தது 1 அக்டோபர் 2010. நான் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தேன். சித்தப்பா ஒருவர் ரஜினி ரசிகர். அவர் சொல்லக் கேட்டதும், பிறகு தேடிப் படித்ததும்தான் இவை.

2010 ஜூலை 31 அன்று மலேசியாவில் பாடல்கள் வெளியாயின. படம் வர இன்னும் இரண்டு மாதம். அந்த நேரத்தில் ஒரு ரசிகர் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யூகம் செய்ய உட்கார்ந்திருந்தால் அவர் கையில் என்னென்ன இருந்திருக்கும்?

தடயம் 1: ரஜினிக்கு இரண்டு வேடம். ஒருவர் விஞ்ஞானி, மற்றது எந்திரம்.
தடயம் 2: இந்திப் படங்களில் வில்லனாகப் பேர் வாங்கிய டேனி டென்சோங்பா நடிக்கிறார்.
தடயம் 3: ஒரு பாடலில் ஐசக் அசிமோவ் பெயர் வருகிறது.

மூன்றாவது தடயம் கொஞ்சம் விளக்கம் கேட்கும். அசிமோவ் அமெரிக்க எழுத்தாளர். 1942-ல் வந்த ஒரு சிறுகதையில் ரோபோக்களுக்கு மூன்று விதி வகுத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது. முதல் விதி கெடாதவரை மனிதன் சொல் கேட்க வேண்டும். இந்த இரண்டும் கெடாதவரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். இது தெரிந்த ரசிகர், "சிட்டி ரோபோவும் இந்த விதிப்படி நல்லவனாக இருப்பான், வில்லன் வேலையை டேனி பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருப்பார்.

படத்தில் நடந்தது என்ன? சிட்டிக்கு அப்படி விதி எதுவும் இல்லை. டேனி நடித்த பேராசிரியர் போரா, தன்னைப் படைத்தவரையே குத்தும்படி சிட்டிக்குக் கட்டளையிடுகிறார். அது தயங்காமல் கத்தியை ஓங்குகிறது. "எதிரி யார், நண்பர் யார் என்று தெரியாத எந்திரம் ஆபத்து" என்று அனுமதி மறுக்கப்படுகிறது. கடைசியில் பெரிய வில்லனாக மாறுவதும் அதே சிட்டிதான். ஆக, அந்த ரசிகரின் விடை பாதி தப்பு. ஆனால் அவர் பிடித்த நூல், "எந்திரத்துக்கு விதி எது?" என்ற கேள்வி, கதையின் நடு நரம்பு! விடை தவறினாலும் சரியான கேள்வியைக் கண்டுபிடித்தவன் வீணாகவில்லை. நம் வைவாவில் எக்ஸ்டர்னல் சார் தேடுவதும் அதைத்தானே?

சிட்டியின் அளவுகளையும் ஒரு கணக்குப் பார்ப்போம். வேகம் 1 டெரா ஹெர்ட்ஸ், நினைவகம் 1 ஸெட்டா பைட் என்று படத்தில் வரும். நம் லேப் கம்ப்யூட்டர்களின் ப்ராசஸர் வேகம் 3 முதல் 6 கிகா ஹெர்ட்ஸ் வரைதான். 1 டெரா ஹெர்ட்ஸ் என்பது 1000 கிகா ஹெர்ட்ஸ். அதில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம், விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் போகும். மூன்று ஜெராக்ஸ் தாளை அடுக்கினால் வரும் கனம். சிப்பின் ஒரு ஓரத்தில் கிளம்பிய செய்தி மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே பல துடிப்புகள் முடிந்துவிடும். வேகத்தைக் கூட்டக் கூட்டச் சூடும் ஏறும். ஆகவே வேகத்தை மட்டும் ஏற்றி சிட்டியை உருவாக்க முடியாது. ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் பல சிப்புகளாகப் பிரிக்க வேண்டும். 1 ஸெட்டா பைட் என்பதோ 100 கோடி டெரா பைட். சிட்டியின் தலைக்குள் 100 கோடி ஹார்டு டிஸ்க்! கதையை ரசிப்பதற்கு இந்தக் கணக்கு தடை இல்லை. கணக்குப் போட்ட பிறகு எனக்கு அந்தப் படம் இன்னும் பிடித்துப்போனது.

வருகிற தேதியைப் பற்றிய யூகத்துக்கும் ஒரு சொல். இதன் அடுத்த பாகமான '2.0', 2017 தீபாவளிக்கு என்று சொல்லப்பட்டது. பிறகு 2018 ஜனவரி என்றானது. வந்தது 29 நவம்பர் 2018. கிராபிக்ஸ் வேலை நிறைந்த படைப்புக்குச் சொன்ன தேதி என்பது தொடக்கம்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எப்போது முடிப்போம் என்று நாம் சொன்ன தேதியையும், முடித்த தேதியையும் நினைத்துக்கொண்டால் ஷங்கர் மேல் கோபம் வராது.

சீரியல் செட் கணக்கு

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் பார்த்துவிடுவோம். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் எச்.பி.ஓ. ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் 'வெஸ்ட்வேர்ல்டு'. மனிதரைப் போலவே இருக்கும் ரோபோக்கள் நிறைந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் கதை. வாரம் ஒரு பகுதி. முதல் சில வாரங்களிலேயே ரசிகர்கள், "நாம் பார்ப்பது ஒரே காலம் அல்ல, பல ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு காலம்" என்று சொல்லிவிட்டார்கள். எப்படி? பூங்காவின் சின்னம் சில காட்சிகளில் ஒரு மாதிரியும், வேறு காட்சிகளில் வேறு மாதிரியும் இருந்தது. ரோபோவுக்கோ வயது ஏறாது. ஆகவே அதன் முகத்தை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. இந்த இரண்டு சின்ன விஷயத்தை வைத்துக் கட்டிய யூகம், டிசம்பரில் முதல் சீசன் முடியும்போது சரி என்று ஆனது. 'சின்ன விஷயம்தானே' என்று விடாமல் பார்த்தவன் ஜெயித்தான்.

ஆனால் எல்லா யூகமும் இப்படி ஜெயிப்பதில்லை. ஏன் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவில் தெருவெல்லாம் சீரியல் செட் கட்டுவார்கள். பழைய செட்டில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருக்கும். ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். கதை யூகமும் அப்படித்தான். "அவன் ரோபோ, ரோபோவை அனுப்பியது தம்பி, தம்பி வந்தது வேறு காலத்திலிருந்து, அந்தக் காலத்தில் போர், போருக்குக் காரணம் கதாநாயகி" என்று ஐந்து பல்பு கட்டுகிறோம். ஒவ்வொன்றும் எரிய பத்துக்கு எட்டு வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்தும் சேர்ந்து எரிய வாய்ப்பு 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 0.33. மூன்றில் ஒன்று! தனித்தனியாகப் பார்த்தால் நம்பும்படி இருப்பது, சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். நீளமான யூகம் கேட்க அழகாக இருக்கும். குட்டையான யூகம்தான் பலிக்கும்.

மாமா செய்த யூகம்

இதெல்லாம் டிவியோடு போகிற விஷயமா? இல்லை நண்பர்களே. இந்த வருடம் பொங்கலுக்கு வந்த மாமா, சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டபடி என்னிடம் சொன்னார்: "மாப்ள, ரோபோ வந்துருச்சாம்ல. இனிமே மெசின்ல நிக்க ஆளு எதுக்கு? ஒனக்கு மூணு வருசப் படிப்பு தண்டம்." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பாவைப் பார்த்து, "மச்சான், பொம்பளப் புள்ளையவும் இதுல சேத்து விட்றாதீங்க" என்றார். என் தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. அவளும் பாலிடெக்னிக்கில் சேர ஆசைப்படுகிறாள். அப்பா மூட்டை தூக்கிச் சம்பாதிக்கிற காசு அது. அவர் ஒன்றும் பேசவில்லை.

மாமா சொன்னதும் வரப்போகிற அறிவியல் கதையைப் பற்றிய யூகம்தான். அதில் ஜீனோவும் சிட்டியும் இல்லை, நாம் இருக்கிறோம். அவ்வளவே வித்தியாசம். அதனால் கோபப்படாமல் சீரியல் செட்டை அவிழ்த்துப் பார்த்தேன். முதல் பல்பு: தொழிற்சாலைக்கு ரோபோ வரும். எரிகிறது, மறுக்க முடியாது. இரண்டாவது: சின்னப் பட்டறை வரை சீக்கிரமே வந்துவிடும். மினுக்குகிறது, விலை இருக்கிறதே! மூன்றாவது: எல்லா வேலையையும் அதுவே செய்யும். நான்காவது: அதற்கு ப்ரோக்ராம் போட, பழுது பார்க்க, ஜாப் மாற்றிக் கட்ட ஆளே வேண்டாம். இங்கேதான் வரிசை அணைகிறது.

கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போனபோது, ஒரே ஆள் மூன்று சி.என்.சி. மெஷின்களைப் பார்த்துக்கொள்வதை நேரில் கண்டேன். ஆகவே 'வேலை ஒன்றும் குறையாது' என்று நான் மாமாவிடம் சொல்லவில்லை, அது பொய்யாகும். "நின்னு பாக்குற வேலை கொறையும் மாமா. அத செட் பண்ணத் தெரிஞ்சவனுக்கு வேலை இருக்கும். இன்னும் அஞ்சு வருசத்துல அந்தக் கம்பெனியில செட்டர் வேலைக்கே ஆள் எடுக்கலைன்னா, நீங்க சொன்னது சரி, நான் சொன்னது தப்பு" என்றேன். மாமா, "என்னமோ சொல்ற" என்று எழுந்து போய்விட்டார். அப்பா மட்டும் பிறகு, "செட்டருன்னா என்ன வேலைடா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் சொன்னேன். தங்கை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. விண்ணப்பம் கொடுக்கும் நாள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

நண்பர்களே! நம் எதிர்காலத்தைப் பற்றி யார் யாரோ யூகம் செய்கிறார்கள். அதை நாமும் செய்யலாம், காரணத்தோடு செய்யலாம். நம் பேரவை அறைச் சுவரில் ஒரு பழைய கரும்பலகை சும்மாவே இருக்கிறது. அடுத்த அறிவியல் தொடரின் டீசர் வந்ததும் அதில் நான்கு கட்டம் போடுவோம்: தேதி, என் யூகம், பார்த்த தடயம், எது நடந்தால் தப்பு. தொடர் முடிந்த அன்று எல்லோரும் கூடி மார்க் போடுவோம். ஜெயித்தவருக்குத் தோற்றவர்கள் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். சாக்பீஸ் செலவு என்னுடையது.



– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை